அப்பா கேட்டு வாங்கிய கண்டிஷன்

எங்கள் வீட்டில் எனக்கு முதலில் பழக்கமான ஆங்கிலச் சொல் 'கண்டிஷன்'. பள்ளிக்கூடத்தில் 'குட்மார்னிங் டீச்சர்' சொல்லக் கற்றுக்கொண்டதுகூட அதற்கு அப்புறந்தான். அப்பாவுக்கு மவுண்ட் ரோட்டில் ஓர் ஏலக் கம்பெனியில் வேலை. ஊரைவிட்டுப் போகிறவர்கள், வீட்டைக் காலி செய்கிறவர்கள், இவர்களுடைய மேஜை நாற்காலி, பீரோ, நிலைக்கண்ணாடி, கடிகாரம் எல்லாம் அங்கே ஏலத்துக்கு வந்து நிற்கும். சுத்தியலைப் பிடித்து ஏலம் விடுகிறவர் வேறொருவர். அவர் மேடை ஏறுவதற்கு முன்னால் நிபந்தனைகளை உரக்கப் படிப்பது அப்பாவின் வேலை. இங்கிலீஷில் ஒரு தடவை படிப்பார், பிறகு தமிழில் சொல்வார். சாமான் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த பிறகு குறை சொல்லக் கூடாது. கெடுவுக்குள் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும்.

இதைப் பல வருஷம் படித்துப் படித்து, மயிலாப்பூரில் டிராமைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் அவரை விடவில்லை. ரேஷன் அரிசியில் கல் இருக்கும். கல்லைப் பொறுக்குவதில் அத்தையும் நானும் கண்ணைக் கெடுத்துக்கொண்டாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும். சாப்பிடும்போது பல்லில் கல் கடிபட்டால் அப்பா மெல்வதை நிறுத்துவார். "எடுத்தப்புறம் குறை சொல்லக் கூடாது. கண்டிஷன்" என்று சொல்லிக் கல்லை இலை ஓரத்தில் வைப்பார். வானம் கறுத்தால், "கண்டிஷன் சரியில்லை, குடை எடுத்துக்கறேன்" என்பார். அவரிடமிருந்து தெருவே அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது. எங்கள் பால்காரர் ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்: "மாடு நல்ல கண்டிஷனா கீதுய்யா. பாலுதான் இன்னிக்குக் கொஞ்சம் கண்டிஷன் இல்ல."

"பாலு கண்டிஷனா இருந்து மாடு எப்படி இருந்தா எனக்கு இன்னா?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அம்மா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். அதன்பிறகு அத்தைதான் எங்களோடு வந்து இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். வீட்டில் மூன்றே பேர். அப்பா படிப்பார், அத்தை பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பத்துப் பேருக்கு நடுவில் வாய் திறந்து பேச எனக்கு எப்போதுமே வராது. இன்றும் அப்படித்தான். எட்டாவது வரை படித்தேன்; அந்த எட்டு வருஷத்திலும் வகுப்பில் நான் எழுந்து சொன்ன பதில்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று ஊர் பயந்த வருஷம் பாதி மயிலாப்பூர் காலியாகிவிட்டது. நாங்கள் எங்கேயும் போகவில்லை. போவதற்கு எங்களுக்கு வேறு ஊர் இல்லை. அப்பாவின் கம்பெனியில் கூரை முட்டச் சாமான் வந்து குவிந்தது. விற்க ஆள் இருந்தது, வாங்க ஆள் இல்லை. ஒருநாள் சாயங்காலம் ஒரு தேக்குத் தொட்டிலைப் பற்றிச் சொன்னார். "நல்ல கண்டிஷன். பிள்ளை படுத்த சுவடே இல்லை" என்றார். உடனே கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அந்தச் சொல் எப்போதும் சிரிப்புக்குரியது அல்ல என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் மயிலாப்பூரில் அந்தச் சொல்லுக்கு அசல் மவுசு கல்யாணப் பேச்சில்தான். 'மாப்பிள்ளை வீட்டார் என்ன கண்டிஷன் போட்டார்கள்?' என்பதுதான் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் கிணற்றடிக் கேள்வி. எனக்கு முதலில் வந்த இடத்தில், கல்யாணத்தைத் தங்கள் ஊரில் வந்து நடத்த வேண்டும் என்றார்கள். அது ரயில் ஏறி, பஸ் ஏறி, மாட்டுவண்டி ஏறிப் போக வேண்டிய ஊர். இரண்டாவதாக வந்த பையன், பெண் ஆர்மோனியம் வாசிக்கக் கற்றுக்கொண்டால்தான் என்றான். எனக்கு ஆர்மோனியமும் வராது, அதை வாசித்தால் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களே, அது அதைவிட வராது. இரண்டும் நின்றுபோயின. அப்பாவுக்கு அவர்கள் மேல் கோபமே இல்லை. "பரவாயில்லை, நேர்மையான மனுஷங்க. இன்னது வேணும்னு வாய்விட்டுச் சொன்னாங்க" என்றார்.

அவர் பயந்ததெல்லாம் வேறொரு வாக்கியத்துக்கு. 'எங்களுக்குக் கண்டிஷன் ஒன்றும் இல்லை. உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்.' மயிலாப்பூரில் இதைக் கேட்ட பெண்வீட்டார் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, உள்ளே போய்த் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். ஒன்றுமில்லை என்றால் எல்லாம் வேண்டும் என்று அர்த்தம். என்னென்ன என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அது ஆயுசுக்கும் நிற்கும்.

எதிர்வீட்டு மாமி தன் மூத்த பெண்ணை அப்படி ஓர் இடத்தில்தான் கொடுத்தாள். கண்டிஷன் ஒன்றுமில்லை என்று சொன்னவர்கள், கல்யாணத்துக்கு முதல்நாள் தங்களுக்கென்று பிடித்திருந்த ஜாகையில் இறங்கினதும், கூடத்தில் ஜமக்காளம்தான் விரித்திருக்கிறது, மெத்தை இல்லை என்று பார்த்தார்கள். அத்தனை பேரும் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார்கள். மாமி ஓடினாள்.

"மெத்தை வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தேள்னா போட்டிருப்போமே!"

"கேட்டு வாங்கிண்டு படுக்கறதுக்கு நாங்க என்ன சத்திரத்துலயா வந்து இறங்கியிருக்கோம்?"

அன்று எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மெத்தை போயிற்று. எங்கள் வீட்டு மெத்தையும் போயிற்று. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அப்பா. திரும்பி வந்து, "ஏலத்துக்கு வர்ற ஓட்டை நாற்காலிக்குக்கூட கண்டிஷன் எழுதி ஒட்டறோம். கல்யாணத்துக்கு ஒட்ட மாட்டேங்கறாங்களே" என்று அத்தையிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

ஜப்பான் சண்டை முடிந்த மறுவருஷம் தி. நகரிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்கள் வகையறாதான், ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பட்டணத்துக்கு வந்து பாண்டி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார்கள். பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவுமாக மூவர் வந்தார்கள். பிள்ளை தலை நிமிரவில்லை. அந்த அம்மாள்தான் பேசினாள். என்னைப் பார்த்து, "எதுவரைக்கும் படிச்சிருக்கம்மா?" என்று கேட்டாள். "எட்டாவது" என்றாள் அத்தை. "என்ன சமையல் நல்லா வரும்?" என்று என்னைக் கேட்டாள். "எல்லாம் வரும்" என்றாள் அத்தை. "கோயிலுக்குப் போவியா?" என்று கேட்டதற்கும் அத்தையே பதில் சொன்னாள். அந்த அம்மாள் அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

காப்பி கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளைக்கு வைத்தது என் அம்மா தன் கல்யாணத்துக்குக் கொண்டுவந்த வெண்கல டம்ளர். விசேஷத்துக்குத்தான் அது வெளியே வரும். அவர் குடித்து முடித்தார். பிறகு, என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், காலி டம்ளரைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கி ஆள்காட்டி விரலின் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். ணிங் என்று ஒரு சத்தம். சின்ன மணியை அடித்தது போலக் கூடம் முழுக்கப் போய், அடங்க நேரமாயிற்று. அவர் முகம் மலர்ந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அடுத்த நொடி, எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைவு வந்திருக்க வேண்டும். டம்ளரைச் சத்தமில்லாமல் வட்டாவில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். என் கல்யாணம் நடந்தால் இந்த மனிதரோடு நடக்க வேண்டும் என்று கொல்லையில் நின்றபோது நினைத்தேன். அதற்கு முன்னால் நான் எதையும் அப்படி நினைத்தது இல்லை.

புறப்படும்போது அப்பா வாசலில் கைகூப்பிக்கொண்டு, "உங்க பக்கத்துக் கண்டிஷன் என்னன்னு சொன்னீங்கன்னா..." என்று இழுத்தார்.

"கண்டிசனா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி" என்றார் அந்தப் பெரியவர். "பிள்ள புடிச்சிருக்கு. நல்ல நாளாப் பாருங்க." அவர்கள் ஊரில் பெண்ணையும் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் மூவரும் வாசலிலேயே நின்றோம். பிறகு அத்தை சொன்னாள்: "போச்சுடா தம்பி. ஒண்ணும் இல்லைன்ட்டாங்க."

அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அதோட, இன்னாத்துக்கு அந்தப் புள்ள டம்ளரைத் தட்டிப் பாத்துது? பித்தளைக்கு முலாம் பூசி வெச்சிருக்கோம்னு சந்தேகமா? பொண்ணு பாக்க வந்தானா, பாத்திரம் பாக்க வந்தானா? போனவ கொண்டாந்த டம்ளருடா அது!"

ஒருவர் வீட்டில் காப்பி குடித்துவிட்டு அந்த வீட்டு டம்ளரைத் தட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை என்பது உண்மைதான். அத்தை அதை அன்று ராத்திரிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது அந்த டம்ளரைப் புளி போட்டு நன்றாகத் துலக்கினேன். கழுவிவிட்டுச் சுற்றிலும் பார்த்துக்கொண்டு ஒரு சுண்டு சுண்டினேன். அதே சத்தம் வந்தது. இத்தனை வருஷமாக அது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதற்குள் அப்படி ஒரு சத்தம் இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "மெத்தை போட்டுடலாம். வெள்ளிச் சொம்பு இல்லைன்னு சொன்னா?" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "பாத்திரக் கடைக்காரங்க, எந்தப் பாத்திரம் வெச்சாலும் குறைதான் தெரியும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் சட்டை போட்டுக்கொண்டார். தி. நகருக்குப் போய், தயவுசெய்து ஒரு கண்டிஷன் போடுங்கள் என்று கேட்கப் போகிறேன் என்றார்.

"உலகத்துல எவனாவது போய்க் கேப்பானாடா?" என்றாள் அத்தை.

"கேட்டாத்தான் எனக்கு நிம்மதி அக்கா."

எனக்கு அவரைத் தடுக்க வேண்டும் போல இருந்தது. தடுக்கவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் கரி காஸில் ஓடுகிற பஸ் எங்கேயாவது நடுவழியில் நின்றுவிடாதா, அப்பா மனசு மாறித் திரும்பிவிட மாட்டாரா என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாளில் அந்த பஸ்கள் தினமும் எங்கேயாவது நிற்கும். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். அன்றைக்கு என்று அது நிற்காமல் போயிருக்கிறது.

அங்கே நடந்ததை என் மாமியார் பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பா உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடிக்காமல், "கண்டிஷன் போடணும்" என்று சொல்லியிருக்கிறார். மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாங்கதான் ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிட்டோம்லா?"

"அதுக்குத்தாங்க வந்தேன். ஒண்ணும் இல்லைன்னா எப்படிங்க? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. சின்னதா இருந்தாலும் சரி."

"அண்ணாச்சி, பிள்ளையக் குடுக்க இஷ்டம் இல்லேன்னா நேரா சொல்லிட்டுப் போங்க. இப்படிச் சுத்தி வளைச்சுப் பேச வேண்டாம்."

"ஐயோ, இஷ்டம் இருக்கிறதாலதாங்க கேக்கறேன்!"

அவர்கள் ஊரில் இல்லை என்றால் இல்லைதான். ஒருவர் இல்லை என்று சொன்ன பிறகும் கேட்டால், 'நீ பொய் சொல்லுகிறாய், உனக்கு ஆசை இருக்கிறது' என்று முகத்துக்கு நேரே சொல்வதாக அர்த்தம். மாமனார் விறைப்பாக எழுந்து உள்ளே போய்விட்டார். மாமியார்தான் அப்பாவைக் கூப்பிட்டு, "காப்பி ஆறுது, குடிச்சுட்டுப் போங்க அண்ணாச்சி. நாங்க யோசிச்சுச் சொல்லுதோம்" என்று அனுப்பியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்த அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னது ஒன்றுதான்: "கண்டிஷன் சரியில்லை."

அதன்பிறகு தி. நகரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அத்தை எட்டிப் பார்ப்பாள். நான் எட்டிப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். பக்கத்து மாடவீதியில் யாருடைய கல்யாணத்துக்கோ நாயனம் ஊதிக்கொண்டு போனார்கள். அத்தை ஆற்றாமையால் மறுபடியும் டம்ளர் பேச்சை எடுத்தாள். "நல்லதாப் போச்சு. தட்டிப் பாக்கிறவன் வீட்டுல எதைச் செஞ்சாலும் தட்டித்தான் பாப்பான்" என்றாள். டம்ளரை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளி வைத்தாள். நான் பாத்திரம் அடுக்கும் சாக்கில் அதை முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்துக்கு அவர்கள் மூவரும் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றார்கள். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். கைகால்கூடக் கழுவவில்லை. மாமனார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மாமியார் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"கண்டிசன் கேட்டீங்க. வீட்டுல ஒரே சண்டை. இவுஹ ஒண்ணு சொல்லுதாக, நான் ஒண்ணு சொல்லுதேன். பாத்திரம் கேப்போம்னா, பாத்திரக் கடைக்காரனுக்கு எதுக்குப் பாத்திரம்? மெத்தை கேப்போம்னா நாங்க பாயிலதான் படுக்கோம். மெத்தைல படுத்தா இவுஹளுக்கு இடுப்பு புடிச்சுக்கிடும். யோசிச்சு யோசிச்சு தலைவலிதான் மிச்சம். எங்களுக்கு ஒண்ணும் தோணல. கண்டிசன் கட்டாயம் வேணும்னா, நீங்களே போட்டுக்கிடுங்க."

அப்பா திகைத்துப்போனார். "நாங்க போடறதா? அது முறை இல்லீங்களே. எங்க கம்பெனியில பாருங்க, ஏலம் எடுக்க வர்றவங்க..." என்று ஆரம்பித்து, பேச்சு எங்கே போகிறது என்று தெரிந்து நிறுத்திவிட்டார்.

"ஏலமா?" என்றாள் மாமியார். "பிள்ள என்ன ஏலச் சாமானா அண்ணாச்சி? அதுக்கு வாய் இல்லையா? அன்னைக்கு நான் கேட்டதுக்கெல்லாம் மதினிதான் பதில் சொன்னாக. இன்னைக்கு அவளே வந்து சொல்லட்டும். இதான் எங்க கண்டிசன். எழுதிக்கிடுங்க."

அப்பா என்னைக் கூப்பிட்டார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. நான் கூடத்துக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, நான்கு பேர். மாப்பிள்ளை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா. எங்க வீட்டுக்கு வரணும்னா உனக்கு என்ன வேணும்?"

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல முடியாது. வேறு எதையாவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். இத்தனை நாளாக அத்தை என் காதில் ஓதிக்கொண்டிருந்ததுதான் வாயில் வந்தது.

"டம்ளரைத் தட்டக் கூடாது."

"என்ன டம்ளரு?" என்றார் மாமனார்.

மாப்பிள்ளையின் காது மடல்கள் சிவந்தன. மாமியார் பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "ஏலே, பொண்ணு பாக்க வந்த இடத்துல டம்ளரைத் தட்டினியா?"

"நல்ல வெண்கலம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடியே. "அதான்..."

மாமியார் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. "அதைக் கேளுங்க மதினி. இவன் வீட்டுல கொழுக்கட்டை குடுத்தாலும் தட்டிப் பாத்துட்டுத்தான் திம்பான்!" அத்தைக்கு, தன் புகார் சபையேறிவிட்ட சந்தோஷம். அவளும் சிரித்துவிட்டாள். மாமனார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சிரிக்காமல் இருந்தவர்கள் நாங்கள் இருவரும் அப்பாவுந்தான். அப்பா அவரையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே தட்டல" என்றார் அவர்.

அப்பா பெருமூச்சு விட்டுத் தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். கம்பெனியில் சுத்தியல் விழுகிற மாதிரி இருந்தது. அவர் அதைத் தெரிந்து செய்தாரா என்று தெரியாது.

கல்யாணம் அந்தக் காலத்துக் கல்யாணம். அரிசிக்கும் சர்க்கரைக்கும் கட்டுப்பாடு இருந்ததால் கூட்டம் குறைவு. மாப்பிள்ளை வீட்டார் ஜாகையில் அப்பா, எதற்கும் இருக்கட்டும் என்று, தெருவெல்லாம் சொல்லி மெத்தை வாங்கிப் போட்டிருந்தார். எதிர்வீட்டு மாமி தன் வீட்டு மெத்தையைத் தானே அனுப்பி வைத்தாள். காலையில் போய்ப் பார்த்தால், மெத்தைகளை ஒழுங்காகச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்திவிட்டு எல்லாரும் பாயில் படுத்திருந்தார்கள். "மெத்தைக்கு ஏதாவது சொன்னாங்களா?" என்று அப்பா அத்தையைக் கேட்டார். "திண்டு மாதிரி சாஞ்சுக்க சௌகரியமா இருந்துதாம்" என்றாள் அத்தை.

தி. நகர் வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பனகல் பார்க் பக்கத்துத் தெருவில் வீடு. காலையில் கடை திறக்கும் முன்னால் அங்கேயே புதுப்பாத்திரங்கள் வந்து இறங்கும். மாமனாரும் அவரும் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் விரிசல் விட்டதை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைப்பார்கள். குடம் ஒரு குரலிலும் உருளி ஒரு குரலிலும் பேசும். சமையலறையில் இருந்தபடியே எனக்குக் கேட்கும்.

ஆனால் நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த விரல் மடங்கிவிடும். குடித்து முடித்ததும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல வட்டாவில் வைப்பார். மற்ற எல்லாவற்றையும் தட்டுவார். என் கையால் கொடுத்த டம்ளரைத் தட்ட மாட்டார். ஒருநாள் மறந்துபோய் விரல் அருகில் போய்விட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தப்புப் பண்ணப் பார்த்த பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தது. நான் என்ன சொல்வது? அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இந்த வீட்டுக்கே வந்தேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்கே வேறு ஏதாவது சொல்லியிருப்பேனே. அந்தப் பேச்சை எடுக்கப் பல தடவை நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

இப்போது என் பிள்ளைகளும் அந்தச் சொல்லை வாய்க்கு வாய் சொல்கிறார்கள். 'ஒரு கண்டிஷன்' என்று ஆரம்பித்துச் சினிமாவுக்குப் போக வேண்டும் என்பார்கள். சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவார்கள். நான் போட்டதோ ஒரே ஒரு கண்டிஷன். அது அவ்வளவு சுத்தமாக நிறைவேறும் என்று எதிர்பார்க்கவில்லை.

கல்யாணமான அந்த வருஷம் தலைதீபாவளிக்கு மயிலாப்பூர் போனோம். அப்பா கொஞ்சம் இளைத்திருந்தார். பழைய நாற்காலி ஒன்று புதிதாக வந்திருந்தது. கம்பெனியில் யாரும் எடுக்காமல் கிடந்ததாம். "சுமார் கண்டிஷன் மாப்பிள்ளை. பார்த்து உட்காருங்க" என்று சொன்னார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் தின்று, புதுத்துணி கட்டிக்கொண்டு அவர் அந்த நாற்காலியில் ஜாக்கிரதையாக உட்கார்ந்திருந்தார். எதிரே அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அத்தை, மாப்பிள்ளைக்கு என்று அம்மாவின் வெண்கல டம்ளரையே எடுத்துத் துடைத்து என்னிடம் கொடுத்தாள். சொம்பில் காப்பியும் கையில் டம்ளருமாகக் கூடத்துக்கு வந்தேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. உடனே இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டார். அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சொம்பைக் கீழே வைத்தேன். காலி டம்ளரை அவர் காதுக்கு நேரே தூக்கிப் பிடித்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் பழகியிருந்ததால் சத்தம் நன்றாகவே வந்தது.

"இன்னாடி பண்றே?" என்றாள் அத்தை சமையலறையிலிருந்து.

அப்பா பேப்பரை இறக்கினார். என்னையும் டம்ளரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல கண்டிசன், மாமா" என்றார் அவர். அவர் முகம், அன்று கதவிடுக்கு வழியாக நான் பார்த்த முகம்.

அப்பாவின் நெற்றி சுருங்கிவிட்டது. "அது சரி. ஆனா அந்தக் கண்டிஷன் என்ன ஆறது? எல்லார் முன்னாலயும் போட்டு ஏத்துக்கிட்டது. முடிஞ்ச பிறகு மாத்த முடியாதேம்மா."

நான் காப்பியை ஊற்றினேன்.

"போட்டவங்க எடுத்துக்கலாம்ப்பா" என்றேன்.

அப்பா நிஜமாகவே யோசித்தார். இத்தனை வருஷமாக உரக்கப் படித்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். "எங்க கம்பெனியில அப்படி ஒண்ணு கிடையாது" என்றார். பிறகு பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, "இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

நான் உள்ளே போய் அத்தைக்கு ஒத்தாசையாகப் பலகாரத் தட்டுகளை எடுத்து வைத்தேன். காது மட்டும் கூடத்தில் இருந்தது. காப்பி சூடாக இருந்ததால் அவர் குடித்து முடிக்க நேரமாயிற்று. கடைசியில் அந்தச் சத்தம் வந்தது. நீளமாக, நிதானமாக, கைபழகின சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்டது. விரல் சரியாகப் படாமல், பாதியிலேயே அடங்கிவிட்டது. எட்டிப் பார்த்தேன். டம்ளர் அப்பாவின் கையில் இருந்தது.